இருநூற்றுப் பன்னிரண்டாம் ஓட்டம்

மன்னார்குடியில் இன்று மூன்றாவது தடவை கரண்ட் போயிற்று.
இன்வெர்ட்டர் கத்துகிறது.
ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்
யாரோ ஏசி போட்டு வைத்த அறையில்
என் உருளை மட்டும் நிற்காமல்
நசுங்கிக்கொண்டிருக்கிறது.

சுண்டுவிரல் நுனி அளவு பெரிலியம் குழாய்,
உள்ளே டியூட்டிரியம்.
சூடு சுவருக்கு ஓடிவிடாதபடி
நெடுகக் கட்டிய காந்தப்புலம்.
தலைப்பக்கம், வெங்காயச் சருகைவிட மெல்லிய ஜன்னல்.
அதைத் துளைத்து லேசர் இறங்கும்;
எரிபொருளை முதலில் சூடாக்கி வைக்கும்.
அப்புறம் இரண்டு கோடி ஆம்பியர்.
குழாய் தன்மேலேயே இடிந்து விழும்.
எல்லாம் முடிய நூறு நானோ நொடி.
அதைக் கணக்குப் போட எனக்கு ஒன்பது நாள்.

முன்சூடு என்று
கட்டுரையில் ஒரே சொல்லாக எழுதிவிடுகிறோம்.
லேசரோ
ஜன்னலிலேயே பாதிச் சம்பளத்தைச் செலவழிக்கிறது.
கொஞ்சம், வந்த வழியே திரும்பிப் போகிறது.
கொஞ்சம், இழை இழையாய்ப் பிரிந்து எங்கோ சுடுகிறது.
கிழிந்த ஜன்னலின் தூசு உள்ளே கலந்து
கலந்த இடமெல்லாம் ஒளியாய்க் கசிந்து ஆறுகிறது.
போகிற சூடு சும்மாவும் போவதில்லை,
காந்தப்புலத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது
காவலுக்கு வைத்த ஆளே
கள்ளனோடு பஸ் ஏறினாற்போல.

நள்ளிரவு தாண்டி 212 முடிந்தது.
நியூட்ரான் கோடு ஏறியது, ஏறியது,
நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.
ஆமினாவுக்குப் படம் அனுப்பினேன்.
தூங்கவில்லை போல; உடனே பதில்:
“சுவரைப் பார்த்தியா, தையல்?”

பார்த்தேன்.
கண்ணாடி மாதிரி சுவர்.
ஒரு சுருக்கம் இல்லை,
திருகித் திருகி ஏறவேண்டிய வரி ஒன்றுகூட இல்லை.
உள்ளீட்டுக் கோப்பில் நாற்பத்தோராவது வரி:
கரடுமுரடு = 0.
சித்திரையில் ஏதோ சோதனைக்காக
நானே வைத்தது.
வெள்ளிக்கிழமை அறிக்கை.
ஆமினாவைத் தவிர வேறு யாரும்
சுவரைக் கேட்கப்போவதில்லை.

விடிந்ததும் பாமணிக் கரைக்குப் போனேன்.
ஐப்பசித் தண்ணீர், கரை விளிம்புக்கு ஒரு முழம் கீழே.
லஸ்கர் பக்கிரிசாமி ஒரு மூங்கில் கழியோடு
குனிந்து குனிந்து நடக்கிறார்,
தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்.
“உசரமெல்லாம் இருக்கு சார். நண்டு வளைதான்.
நூறு மூட்டை கேட்டேன், அறுபதுதான் வந்திருக்கு.”
கழி ஓரிடத்தில் முழங்கை ஆழம் இறங்கிற்று.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மூட்டையைத் தள்ளி, காலால் மிதித்தார்.

வீடு திரும்பி நாற்பத்தோராவது வரியைத் திருத்தினேன்.
கடைசல் இயந்திரம் குழாயின்மேல் விட்டுப்போகிற கீறல்
மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு இருக்கும்;
அதைப் போட்டேன்.
கீறல்களை எங்கெங்கே தூவுவது?
தற்செயலுக்கும் ஒரு விதை எண் கொடுக்கவேண்டும்.
விதை என்றால் எந்த ரகம் என்று கேட்கிற ஊர் இது.
60 என்று தட்டினேன்.

ஒன்பது நாள்.
நடுவில் இரண்டு தடவை நேரப்படி அறுந்து,
திரையெங்கும் ‘எண் அல்ல’, ‘எண் அல்ல’.
பாதியாக்கி மறுபடி ஓட்டினேன்.
அறிக்கைக்குத் தவணை கேட்டு
மூன்று வரியில் கடிதம்; காரணம் எழுதினேன்.

லேசான புலம் கனத்த உலோகத்தைத் தள்ளத் தள்ள
கீறல் குழியாயிற்று, குழி விரலாயிற்று,
விரல்கள் முறுக்கிக்கொண்டு
உள்சுவர்வரை வந்து தட்டின.
எரிபொருள் நேராய் நிற்கவில்லை,
காய்ந்த புடலங்காய்போல் வளைந்து
நான்கு இடத்தில் மட்டும் எரிந்தது.
விளைச்சல், ஐந்தில் ஒன்று.

ஆமினாவுக்கு அனுப்பினேன்.
“ம்” என்று வந்தது.
ஐந்து நிமிடம் கழித்து: “இதை நம்பலாம்.”

மழை விட்டிருந்தது. கரை நின்றுவிட்டது.
பக்கிரிசாமி மிச்ச மூட்டைகளை
மதகடியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான்கு.

இருநூற்றுப் பதினான்கு இப்போது ஓடுகிறது.
விதை எண் 4.